விண்டோஸ் வீட்டில் பெண் கேட்ட கதை

சாமிகளா, இந்தக் கதையில் வருகிற தூரம் மொத்தமே ஏழு அடிதான். அந்த ஏழடியைக் கடக்க ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. நீங்கள் பதறாமல் கேளுங்கள். பதற்றத்தையெல்லாம் சென்னிமலை ஒருத்தரே உங்களுக்கும் சேர்த்துப் பட்டுவிட்டார்.

பனமரத்துப்பட்டிக்குத் தெற்கே ஓர் ஓடையை ஒட்டி ஒன்பது வீடுகள் இருந்தன. முதல் தடவை அளக்க வந்தவர்கள் ஒன்பதும் ஓடைக்குள் இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்கள். ஓடை என்னவோ அறுபது அடி தள்ளித்தான் கிடந்தது. ஆனால் காகிதத்தில் அந்த ஒன்பது குடும்பமும் தண்ணீருக்குள் உலை வைத்து, தண்ணீருக்குள் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தது. மனுமேல் மனுப் போட்டு மறுபடி அளந்தார்கள். வீடுகள் வெளியே, ஓடை ஓடையிலேயே என்று புது வரைபடமும் போட்டாயிற்று. இனி அந்த வரைபடத்தின் முத்திரை வைத்த நகல் ஒன்று வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்குள் அதைக் காட்டினால் வீடு. காட்டாவிட்டால் ஜேசிபி.

நகல் வாங்கி வர ஒன்பது வீட்டாரும் சென்னிமலையைத்தான் அனுப்பினார்கள். அவர் வீடு ஏழாவது. சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் பேசுவதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். முறைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு வீட்டை ஒரே பந்தியில் உட்கார வைத்தவர். ஓர் ஆபீஸில் ஒரு தாளை வாங்குவதா அவருக்குக் கஷ்டம் என்று நினைத்துவிட்டார்கள்.

ஆபீஸ் சேலம் ஃபேர்லேண்ட்ஸில், ஒரு வாடகை மாடியில் இருந்தது. ஓடை எல்லை ஒழுங்கு அலுவலகம் என்று பெயர். காலை பத்தேகால் மணிக்குச் சென்னிமலை நகல் பிரிவின் கண்காணிப்பாளர் சின்னுசாமியின் முன்னால் கைகட்டி நின்றார்.

"வரைபடம் தயார்தானுங்க," என்றார் சின்னுசாமி. "கையெழுத்தெல்லாம் ஆயிருச்சு. பக்கத்து ரூம்ல, அளவைப் பிரிவு கம்ப்யூட்டர்ல இருக்குது."

பக்கத்து அறை என்றால் ஒரு பிளைவுட் தடுப்புதான். தடுப்பின் இடுக்கில் சென்னிமலை கண்ணை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கத்து மேசையில் கம்ப்யூட்டர் திரை தெரிந்தது. திரையில் ஓடை நீலமாக வளைந்து போனது. அதைவிட்டுத் தள்ளி ஒன்பது கட்டங்கள். ஏழாவது கட்டத்தைப் பார்த்ததும் அவருக்குத் தன் வீட்டுப் புளியமரத்து நிழலே தெரிகிற மாதிரி இருந்தது.

"அந்தா இருக்குதுங்க சார்! அதை அங்கயே அச்செடுத்துக் குடுத்தர்லாமுங்களே?"

"அங்க பிரிண்டர் கெடையாது. அச்செடுக்கறது நகல் பிரிவு வேலை. அளக்கறவன் அச்செடுத்தா அப்பறம் நாங்க எதுக்கு?"

"ஒரு பென் டிரைவுல போட்டு..."

சின்னுசாமியின் முகம் கறுத்தது. அறையின் மூலையில் இருந்த இரும்பு பீரோவைக் காட்டினார். "போன வருசம் ஒரு பென் டிரைவு உள்ள வந்து வைரஸ் உட்டுட்டுப் போயிருச்சு. அதைப் பீரோவுல வெச்சிருக்கறோம். விசாரணை முடியல."

"அப்ப கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் அனுப்ப முடியாதுங்களா? ஒயரெல்லாம் ஓடுதே."

"அதுலதான் விசயமே இருக்குது." சின்னுசாமி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அவங்களுது விண்டோஸ். நம்முளுக்குப் போன மாசம் லினக்ஸ் குடுத்திருக்காங்க. அது வேற கூட்டம், இது வேற கூட்டம். ஒன்னோட வாசப்படியை ஒன்னு மிதிக்காது."

சென்னிமலை அன்றைக்குச் செய்த ஒரே தப்பு, வாய் சும்மா இல்லாமல் தொழில் ஞாபகத்தில் பதில் சொன்னதுதான்.

"வேற கூட்டம்னாத்தானுங்களே சார் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கலாம்? ஒரே கூட்டம்னா அண்ணன் தங்கச்சி ஆயிப்போகுமுங்க."

சின்னுசாமியின் சொந்த ஊர் திருச்செங்கோடு பக்கம், கூட்டம் பார்த்தே கல்யாணம் பேசுகிற சீமை. ஒரு மாதமாகச் சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர்கள் படம் போட்டு விளக்கியும் ஏறாத ஒன்று, இப்போது அவர் தலையில் முழுசாக ஏறிவிட்டது.

"அதான பார்த்தேன்!" என்றார். "அப்ப முறையாத்தான் போகோணும். யாரு மாப்பிள்ளை ஊடு, யாரு பொண்ணு ஊடு?"

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் பெயர் அபிநயா. ஒப்பந்த வேலை. அந்த மாடியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதனாலேயே அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை.

"ஐயா," என்று சென்னிமலையிடம் மெதுவாகச் சொன்னாள், "இது ரெண்டு நிமிச வேலைங்க. அவங்க கம்ப்யூட்டர்ல பகிர்வு ஃபோல்டர்னு ஒன்னு இருக்குது. அதையப் பூராவும் இங்க கொண்டாந்து மாட்டறதுக்கு ரூட் பாஸ்வேர்டுன்னு பெரிய சாவி வேணும், அது சென்னைல இருக்குது. ஆனா வாசல்ல நின்னுட்டு ஒரு ஃபைலை மட்டும் கேட்டு வாங்கிக்கலாம். மவுஸ் வெச்சுப் போற வழியெல்லாம் அடைச்சுட்டாங்க. இந்தக் கறுப்புத் திரைல ஒரு வரி அடிச்சாப் போதும்."

"அப்ப அடி அம்மிணி."

"நான் அடிக்கக்கூடாதுங்க. உத்தரவு வேணும்."

போன் அடித்தது. பாப்பாயி, அவர் மனைவி. "ஏனுங்க, ஜேசிபி வந்து முக்குல நிக்குது. மணி பதினொன்னுகூட ஆவல. டிரைவர் டீ கேக்கறான். குடுக்கட்டுங்களா?"

"குடு புள்ள. மெதுவாக் குடு."

தடுப்பைச் சுற்றி அந்தப் பக்கம் போனார் சென்னிமலை. அளவைப் பிரிவின் தலைவர் முருகானந்தம், வரைபடம் திறந்திருந்த அதே திரைக்கு முன்னால், அதற்குக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நாங்க எங்க கடமையைச் செஞ்சாச்சு," என்றார். "பகிர்வு ஃபோல்டர்ல போட்டு எல்லாருக்கும் பகிர்ந்தாச்சு."

"அப்பறம் ஏனுங்க சார் அந்தப் பக்கம் தொறக்க மாட்டேங்குது?"

"பகிர்ந்திருக்குது. அனுமதி மட்டும் யாருக்கும் குடுக்கல. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக்கூடாதுங்க. பகிர்வுங்கறது கொள்கை, அனுமதிங்கறது நிர்வாகம். கதவைத் தொறந்து வைக்கணும்னு அரசாங்கம் சொல்லுது, வெச்சிருக்கோம். உள்ள ஆளை விடணும்னு எங்கயும் சொல்லல."

"அவங்க கேட்டாக் குடுப்பீங்களா?"

"கேட்கட்டுமே! பதினாலு வருசமா நகல் பிரிவு எங்ககிட்ட எதையும் கேட்டதில்லை. அந்தப் பெருமையில இருக்காங்க."

இந்தப் பக்கம் வந்தால் சின்னுசாமி மேசையைத் தட்டினார். "நாங்க போயிக் கேக்கறதா? முத்திரை யார்கிட்ட இருக்குது? எங்ககிட்ட. அவங்க அனுப்பட்டும், நாங்க வாங்கிக்கறோம்."

"அவங்க கம்ப்யூட்டர் தானா அனுப்பாதுங்க சார்," என்றாள் அபிநயா. "அது சும்மா காத்துட்டு இருக்கும். நம்மதான் கேக்கணும். அதோட அமைப்பே அப்படித்தான்."

"என்ன அமைப்பு? நீ ஒப்பந்தம்தானே? சும்மா இரு."

கீழே தெருவில் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுத்தது. அந்தச் சத்தத்துக்கே சென்னிமலை ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தார். ஆனால் இந்த வகைக் கோபத்தை அவர் நாற்பது கல்யாணத்தில் பார்த்திருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"சார், பொண்ணு கேட்டுப் போறது எப்பவுமே மாப்பிள்ளை ஊடுதானுங்க. கேட்டுப் போறதுனால மாப்பிள்ளை ஊடு தாழ்ந்து போயிருச்சுன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா? போறவங்களுக்குத்தானுங்க ஜமக்காளம் விரிப்பாங்க."

சின்னுசாமி மீசையைத் தடவினார். "அப்ப நாமதான் மாப்பிள்ளை ஊடு."

"நீங்கதானுங்க."

பதினொன்றரைக்கு நகல் பிரிவு, சின்னுசாமியின் தலைமையில், ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் கோரிக்கைக் கடிதமும் வைத்துக்கொண்டு ஏழடி நடந்து போனது. முருகானந்தம் எழுந்து நின்று வரவேற்றார். இரண்டு பேர் கண்ணும் கலங்கிவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். சென்னிமலைக்கும் கலங்கியது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் வீட்டார் என்றால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கத்தான் செய்வார்கள். முருகானந்தம் விசாரித்தார். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் என்ன பதிப்பு, எப்போது பிறந்தது, இதற்கு முன் வேறெந்தக் கம்ப்யூட்டரோடும் தொடர்பு உண்டா, வைரஸ் வந்ததுண்டா, பரம்பரையில் யாருக்காவது வந்ததுண்டா. பதினாலு கேள்வி, மூன்று பிரதி. அபிநயா எழுத எழுத மணி ஒன்றாயிற்று. ஒன்றானதும் சாப்பாட்டு நேரம். சம்பந்தம் பேசிய வீட்டில் சேர்ந்து சாப்பிடாமல் இருக்கலாமா என்று இரண்டு பிரிவும் டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு மணி வரை சாப்பிட்டது. சென்னிமலைக்கும் ஓர் எலுமிச்சை சாதம் நீட்டினார்கள். வாங்கி மூடி வைத்துவிட்டார்.

"ஏனுங்க," என்றாள் பாப்பாயி போனில், "தமிழரசுன்னு ஒரு ஆபீசரு வந்திருக்காரு. களப் பிரிவாமா. பாத்திரத்தையெல்லாம் வெளிய எடுத்து வையின்னு சொல்றாரு. எடுத்து வெக்கட்டுங்களா?"

"எடுக்காத. ஒரு டம்ளரக்கூட வெளிய எடுக்காத. நான் வாரேன்."

இரண்டு மணிக்கு முருகானந்தம் பகிர்வு ஃபோல்டரின் கடவுச்சொல்லை ஓர் உறையில் போட்டு அரக்கு வைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தன் கம்ப்யூட்டரைப் பூட்டினார். மேல்மாடியில் ஆய்வுக் கூட்டம், சென்னையோடு வீடியோவில் பேச வேண்டும் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

சின்னுசாமி பஞ்சாங்கக் காலண்டரைப் பார்த்தார். "செவ்வாய்க்கெழமை. மூணு மணிக்கு ராகு காலம் ஆரம்பம். நாலரை வரைக்கும் புதுசா எந்தச் சம்பந்தமும் பண்ணக்கூடாது. அதுக்குள்ள முடிச்சறோணும்."

"சார், ஜேசிபிக்கு ராகு காலம் உண்டுங்களா?" என்றார் சென்னிமலை.

"இடிக்கறதுக்கு எதுக்குங்க ராகு காலம்? நல்ல காரியத்துக்குத்தான்."

அபிநயா கறுப்புத் திரையைத் திறந்தாள். சென்னைச் சுற்றறிக்கை எண் நாற்பத்தொன்றில் அடிக்க வேண்டிய வரி அச்சாகியிருந்தது. இரண்டு சாய்கோடு, அளவைப் பிரிவுக் கம்ப்யூட்டரின் பெயர், இன்னொரு சாய்கோடு, ஃபோல்டரின் பெயர். அதில் இருந்தபடியே ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். திரை ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி மறுத்தது.

"என்ன சொல்லுது?"

"அப்படியொரு இடமே இல்லைங்குது சார். சுற்றறிக்கைல கோடு இடது பக்கம் சாஞ்சிருக்குது. அது விண்டோஸ்ல எழுதற மாதிரி. இங்க அந்தக் கோட்டை அடிச்சா லினக்ஸ் பாதியை முழுங்கீரும். வலது பக்கம் சாஞ்ச கோடு அடிக்கோணும்."

"சுற்றறிக்கைல எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதோ அந்தப் பக்கந்தான் சாயோணும்," என்றார் சின்னுசாமி. "நான் முப்பத்தோரு வருசம் சர்வீசு. ஒரு கோட்டைக்கூட என் இஷ்டத்துக்குச் சாய்ச்சதில்ல. வேணும்னா தெளிவுரை கேட்டுச் சென்னைக்கு எழுதறேன். பதினஞ்சு நாள்ல வந்துரும்."

மணி இரண்டு முப்பத்தைந்து. பதினைந்து நாள் கழித்து அந்த ஒன்பது வீடு இருந்த இடத்தில் எருக்கஞ்செடி முளைத்திருக்கும். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே சென்னிமலை சுற்றறிக்கையை எடுத்தார். ஜன்னலுக்கு நேராக, பின்பக்கம் சின்னுசாமியைப் பார்க்கிற மாதிரிப் பிடித்தார். வெயில் தாளுக்குள் ஊடுருவியது.

"இப்பப் பாருங்க சார். கோடு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குது?"

சின்னுசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். "வலது பக்கம்."

"இதே சுற்றறிக்கைதானுங்களே?"

"இதேதான்."

எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிவதைப் பற்றி அந்தச் சுற்றறிக்கையில் எதுவும் சொல்லப்படவில்லை. அபிநயா அடித்தாள். திரை கடவுச்சொல்லைக் கேட்டது. அரக்கை உடைத்துப் பார்த்து அடித்தாள். சின்னுசாமி அவள் கையைத் தடுத்தார்.

"ஏம்மா, ஒன்னுமே திரைல வரலயே? நீ அடிக்கவே இல்லை."

"அடிச்சேன் சார். லினக்ஸ்ல கடவுச்சொல் கண்ணுக்குத் தெரியாதுங்க. புள்ளிகூட வராது."

"கண்ணுக்குத் தெரியாததை அடிச்சயின்னு நான் எப்படிச் சான்று குடுக்கறது?"

கடைசியில் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்பட்டது: 'கடவுச்சொல் கண்ணுக்குப் புலப்படாவண்ணம் தட்டச்சு செய்யப்பட்டதைச் சத்தம் வழியாக அறிந்தேன்.' கீழே சின்னுசாமி கையெழுத்துப் போட்டார். சாட்சியாகச் சென்னிமலையும் போட்டார். அபிநயா மறுபடி அடித்து, பொத்தானைத் தட்டினாள்.

கதவு திறந்துவிட்டது. மணி இரண்டு ஐம்பத்திரண்டு. கறுப்புத் திரையில் கோப்புகளின் பெயர்கள் மளமளவென்று இறங்கின. லினக்ஸ் வீட்டார் விண்டோஸ் வாசலில் நின்றிருந்தார்கள். சின்னுசாமி தன்னை அறியாமல் கைதட்டினார்.

"அந்தா, மறு அளவை வரைபடம்," என்று சென்னிமலை கத்தினார். "எடு அம்மிணி, எடு!"

அபிநயா எடுக்கும் கட்டளையை அடித்தாள். திரை ஒரு வரியில் மறுத்தது. மறுபடி அடித்தாள். மறுபடி அதே வரி.

"ஐயா... அந்த ஃபைலை அவரு காலைல இருந்து அவரு கம்ப்யூட்டர்ல தொறந்தே வெச்சிருக்காரு. ஒருத்தர் தொறந்து புடிச்சுட்டு இருக்கறப்ப இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டேங்குது. அவரு வந்து மூடினாத்தான் கெடைக்கும்."

"கூப்புடுங்க அவரை!"

"மேல கூட்டம். கதவைச் சாத்தியாச்சு," என்றார் சின்னுசாமி. "அஞ்சு மணி ஆகும்."

சென்னிமலை பிளைவுட் தடுப்பில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். பூட்டிய திரை அந்தப் பக்கம் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்புக்குப் பின்னால் ஒன்பது கட்டமும் பத்திரமாக இருந்தன. போன் அடித்தது. "ஏனுங்க, இஞ்சினை ஓட்டிப் பாக்கறான். சனமெல்லாம் அழுவுது. எப்ப வாரீங்க?"

"ஐயா," என்று அபிநயா மெல்லக் கூப்பிட்டாள். "இங்க இன்னொரு ஃபைல் இருக்குது. உங்க ஊர் பேரு போட்டிருக்குது. நிறைவு அறிக்கைன்னு. இதை யாரும் தொறந்து வெக்கல."

"எடு."

இது ஒரு நொடியில் வந்துவிட்டது. அபிநயா வாசித்தாள். மேற்படி ஓடையில் இருந்த ஒன்பது வீடுகளும் இன்று காலை பதினொன்று இருபது மணிக்கு, உரிமையாளர்களின் முழு ஒத்துழைப்போடு, அமைதியான முறையில் அகற்றப்பட்டன. கதவு எண் ஏழு, சென்னிமலை, அகற்றப்பட்டது. ஒன்பது புகைப்படம் இணைத்திருந்தார்கள். ஒரே பொட்டல் நிலம், ஒன்பது பக்கமிருந்து. கீழே களப் பிரிவு அலுவலர் தமிழரசுவின் கையெழுத்து.

சென்னிமலை போனை எடுத்தார்.

"பாப்பாயி, ஊடு இருக்குதா?"

"என்னங்க கேக்கறீங்க? ஊட்டுக்குள்ள நின்னுதானே பேசறேன்!"

"செவுத்தைத் தொட்டுப் பாரு."

"தொட்டுட்டுத்தான் நிக்கறேன். உங்களுக்கு என்னாச்சு?"

அவர் போனை வைத்தார். சின்னுசாமி அறிக்கையைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தார். "காலை ஆய்வுக் கூட்டத்துக்கு இது சென்னைக்கே போயிருச்சுங்க. பாராட்டுக்கூட வந்திருக்குது. நம்ம ஆபீசு எப்பவுமே ஒரு படி முன்னால போகும். நடந்த பின்னால எழுதறவன் குமாஸ்தா. நடக்கறதுக்கு முன்னால எழுதறவந்தான் அதிகாரி."

சென்னிமலை அந்த வார்த்தையை வாயில் போட்டு ஒரு தடவை மென்றார். பிறகு ரொம்ப மெதுவாக, பெண் வீட்டில் சம்மதம் கேட்கிற குரலில் கேட்டார்: "சார், இதுக்கு ஒரு நகல் குடுப்பீங்களா? முத்திரை வெச்சு?"

"இதுக்கா? தாராளமா! வரைபடம்னா மனு, பரிசீலனை, வரிசை எண் எல்லாம் வேணும். இது சாதனையாச்சே. யாரு கேட்டாலும் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

"மணி மூணு ஆயிருச்சுங்க. ராகு காலம்..."

"சாதனைக்கு ராகு காலம் கெடையாது," என்று சொல்லி, சின்னுசாமி முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார்.

சென்னிமலையின் மொபெட் அன்றைக்கு ஓடின மாதிரி அதற்கு முன்னும் ஓடவில்லை, அதற்குப் பின்னும் ஓடவில்லை. நாலு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அவர் போய்ச் சேர்ந்தார். முதல் வீட்டுக்கு முன்னால் ஜேசிபி கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பெண்கள் வாசல்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தமிழரசு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரைபடம் கொண்டாந்தீங்களா பெரியவரே?"

"இல்லீங்க," என்றார் சென்னிமலை.

பாப்பாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சென்னிமலை தாளை இரண்டு கையாலும் நீட்டினார். தமிழரசு படித்தார். முதல் தடவை நின்றுகொண்டு படித்தார். இரண்டாவது தடவை ஜேசிபியின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு படித்தார்.

"இது உங்க கையெழுத்துதானுங்களே சார்?"

"...என்னுதுதான்."

"காலைல பதினொன்னு இருவதுக்கே இடிச்சுட்டீங்க. சென்னைக்கும் போயிருச்சு. இப்ப நாலு மணிக்கு மறுபடி இடிச்சீங்கன்னா, காலைல இடிச்சது எந்த ஊடுன்னு கேப்பாங்க. நாங்களும் கேப்போமுங்க. முத்திரை வெச்ச நகல் எங்ககிட்ட இருக்குது."

தமிழரசு வீடுகளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி வீடுகளைப் பார்த்தார். அரசாங்கத்தில் இருபது வருடம் இருந்தவர். எதை நம்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"இல்லாத ஊட்டை நான் எப்படிங்க இடிக்கறது?" என்றார். டிரைவரைப் பார்த்துக் கை காட்டினார். "வண்டியைத் திருப்புப்பா. இங்க ஒன்னும் இல்ல."

ஜேசிபி கையை இறக்கிக்கொண்டு திரும்பியது. ஒரு பெண் சத்தமாக அழ ஆரம்பித்து, பாதியில் சிரித்தாள். சென்னிமலை இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பாப்பாயி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தமிழரசு மட்டும் போகவில்லை. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "ஒன்னு மட்டும் பாக்கி. ஊடு முழுசா அகற்றப்பட்டதுன்னு ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தருங்க. ஃபைல் முடிஞ்சிரும். அப்பறம் இந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்க."

"அதுக்கென்னங்க, போட்டுத் தாரோம்," என்றார் சென்னிமலை.

வெயில் இன்னும் தணியவில்லை. தமிழரசு கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். எழுதுவதற்கு இடம் தேடிச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கதவு எண் ஏழுக்குள் நுழைந்தார். அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பாப்பாயி கொடுத்த மோரைக் குடித்தார். படிவத்தை மடியில் விரித்து 'இவ்விடத்தில் தற்போது கட்டடம் ஏதும் இல்லை' என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, கூரையைப் பார்த்தார்.

"அந்த ஃபேனை இன்னும் கொஞ்சம் வெசையா வையுங்கம்மா," என்றார்.